ஊர் நோயாகப் பிறந்த சொல்

(நாஸ்டால்ஜியா என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாஸ்டால்ஜியா. ஆங்கிலச் சொல்தான். ஆனால் இன்றைக்கு நம் வார இதழ்களில் மேற்கோள் குறிகூட இல்லாமல் தமிழ் எழுத்திலேயே வந்துவிடுகிறது. எண்பதுகளின் இளையராஜா பாட்டு, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், கேசட் நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலை விட்டுச் சுற்றியது, கோடை விடுமுறைக்குப் போன பாட்டி வீடு என்று எல்லாமே இந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. போன காலத்தை நினைத்து மனம் கனிவது என்று பொருள் கொள்கிறோம். இன்றைய ஆங்கில அகராதிகளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் போன காலத்துக்கும் தொடர்பே இல்லை. அதில் இனிமையும் இல்லை. அது ஒரு நோயின் பெயர். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வருகிற, ஆளை உருக்கிக் கொன்றுவிடக்கூடிய நோய் என்று மருத்துவர்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அதை நம்பினார்கள். அந்த நோய்ப் பெயர் எப்படி மெல்ல இடத்தை விட்டுக் காலத்துக்கு மாறியது, மாறியதில் நமக்குக் கிடைத்தது என்ன, நாம் தொலைத்தது என்ன என்பதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன். தொலைத்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். காரணங்களைக் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

1688ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த யோஹானஸ் ஹோஃபர் என்ற மாணவர் லத்தீன் மொழியில் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்போது அவருக்கு வயது 19. மூலூஸ் என்ற ஊர்க்காரர். இன்று அது பிரான்சுக்குள் இருக்கிறது, அன்று சுவிஸ் கூட்டமைப்போடு உறவு கொண்ட தனி நகரம். அந்த ஆய்வேட்டுக்காக அவர் உருவாக்கிய சொல்தான் நாஸ்டால்ஜியா.

கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் ஊர் திரும்புதல். ஆல்கோஸ் என்றால் வலி. இரண்டையும் சேர்த்தார். பலரும் இதைப் பழங்கிரேக்கச் சொல் என்றே நினைக்கிறார்கள். ஹோமரின் ஒடிசி முழுக்கவே ஊர் திரும்புகிற கதைதான். டிராய்ப் போரில் பத்து ஆண்டு, திரும்பும் வழியில் பத்து ஆண்டு. அந்தப் பத்தில் ஏழு ஆண்டுகள் ஒடிசியஸ் கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில் கிடக்கிறான். என்னோடு இருந்துவிடு, உனக்கு மூப்பும் சாவும் வராமல் செய்கிறேன் என்கிறாள் அவள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து அழுகிறான். சாகாவரத்தையே ஒதுக்கிவிட்டு ஊரைக் கேட்டவனின் கதை அது. ஆனாலும் நாஸ்டால்ஜியா என்ற கூட்டுச்சொல் ஹோமரிடம் கிடையாது. எந்தப் பழங்கிரேக்கரும் அதைச் சொன்னதில்லை. அது பாசலில் ஒரு மாணவரின் மேசையில் பிறந்தது.

அந்த நோய்க்கு ஊர்ச் சனம் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தது. ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள் ஹைம்வே என்றார்கள். வீட்டு வலி என்று கொள்ளலாம். பிரான்சில் இருந்தவர்கள் ஊர் நோய் என்ற பொருள்படும் தொடரால் அதைக் குறித்தார்கள். பிறகு எதற்குக் கிரேக்கப் பெயர்? மருத்துவர்களின் புத்தகத்தில் அந்த நோய்க்கு இடமே இல்லை என்பதுதான் ஹோஃபரின் குறை. தாய்மார்கள் அறிந்த நோய், படைத்தலைவர்கள் அறிந்த நோய், மருத்துவனின் ஏட்டில் மட்டும் இல்லை. ஏட்டில் ஏற வேண்டுமானால் படித்தவர்களின் மொழியில் பெயர் வேண்டும். அந்தப் பெயரைத்தான் அவர் தந்தார். பெயர் வைப்பது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பெயர் பிற்காலத்தில் என்னென்ன செய்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

ஹோஃபரின் ஏட்டில் வருகிற இரண்டு நோயாளிகளைச் சொல்கிறேன்.

முதலாமவன் பெர்ன் நகரத்து இளைஞன். படிப்பதற்காக பாசலுக்கு வந்தவன். நாளாக நாளாக மனம் சோர்ந்து, காய்ச்சல் வந்து, நெஞ்சு படபடத்து, படுத்த படுக்கையாகிவிட்டான். பிழைக்க மாட்டான் என்று முடிவு செய்து அவனுக்காகப் பிரார்த்தனை வரைக்கும் போய்விட்டார்கள். கடைசியில், இவனை ஊருக்கு அனுப்புவதுதான் வழி என்று சொல்லி, படுத்திருந்தபடியே வண்டியில் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்ததுமே அவனுக்கு மூச்சு சீராக வந்தது. பயணம் தொடங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் தேறத் தொடங்கினான். பெர்ன் போய்ச் சேர்வதற்கு முன்பே குணமாகிவிட்டான்.

இரண்டாவது, ஒரு கிராமத்துப் பெண். கீழே விழுந்து அடிபட்டு, பாசல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். பல நாள் நினைவில்லாமல் கிடந்து, கண் விழித்தபோது சுற்றிலும் அறியாத முகங்கள். வயதான பெண்கள். அந்தக் கணத்திலிருந்து உணவைத் தொடவில்லை, மருந்தைத் துப்பினாள். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: நான் வீட்டுக்குப் போகணும். வேறு பேச்சே இல்லை. பெற்றோர் வந்து, அந்த மெலிந்த உடம்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். சில நாட்களில் எந்த மருந்தும் இல்லாமல் எழுந்து நடமாடினாள்.

இந்த இடத்தில் ஹோஃபர் மீது எனக்குப் பெரிய மதிப்பு வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில், அடம்பிடிக்கிறாள், பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அந்தப் பெண்ணை ஒதுக்கிவிட ஆயிரம் வழி இருந்தது. அவர் அவள் சொன்ன ஒரே வாக்கியத்தை நோயின் அறிகுறியாக எழுதிக்கொண்டார். அவருடைய உடலியல் விளக்கம் இன்று செல்லாது. மூளையின் இழைகளில் ஊரைப் பற்றிய நினைவுத் தடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உயிர்ச் சத்து அந்த இழைகளிலேயே ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பதால் உடம்பின் மற்ற வேலைகளுக்குச் சத்து போய்ச்சேரவில்லை என்றார். ஆனால் அறிகுறிகளை எழுதிய விதத்தைப் பாருங்கள். ஊரைப் பற்றிய நினைப்பு விடாமல் வருவது, தூக்கம் கெடுவது, பசியும் தாகமும் குறைவது, அடிக்கடி பெருமூச்சு, காரணமில்லாத பயம், வேறு எதிலும் மனம் செல்லாமை. வெளியூர் விடுதியில் முதல் வருடம் கழித்த யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டியலைச் சரிபார்த்துச் சொல்வார்கள்.

மருத்துவமும் எழுதினார். வயிற்றைச் சுத்தம் செய்ய ஒன்று, தூக்கத்துக்கு அபினி, தலைக்குத் தைலம். எதற்கும் கேட்கவில்லையென்றால் நோயாளி எவ்வளவு மெலிந்திருந்தாலும் தாமதிக்காமல் ஊருக்கு அனுப்புங்கள் என்றார்.

இந்த நோயைப் பற்றிப் பேச சுவிஸ் மண்ணில் ஒருவர் முன்வந்தது தற்செயல் இல்லை. இன்றைக்கு நமக்கு சுவிட்சர்லாந்து என்றால் வங்கியும் கடிகாரமும். அன்று அது ஏழை மலைநாடு. விளைச்சல் போதாது. அதன் பெரிய ஏற்றுமதி இளைஞர்கள்தான். பிரான்சு மன்னருக்கும், நேப்பிள்ஸுக்கும், டச்சுக்காரர்களுக்கும் கூலிப்படையாகப் போனார்கள். போப்பாண்டவரின் சுவிஸ் காவற்படை 1506இல் தொடங்கி இன்றுவரை இருக்கிறது. அப்படிப் போன பையன்கள் தாழ்நிலத்துப் பாசறைகளில் போரே இல்லாத நேரத்தில் வாடி விழுந்தார்கள். இதனால் சுவிஸ் வீரன் மனத்திடம் இல்லாதவன் என்ற பேச்சு கிளம்பியது.

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர் சூரிக் நகரத்து மருத்துவர் யோஹான் யாக்கோப் ஷாய்க்ஸர். 1705 வாக்கில் அவர் சொன்ன விளக்கம் காற்றின் எடை. மலையில் மெல்லிய காற்றில் வளர்ந்தவன் கீழே இறங்கினால், அங்குள்ள கனத்த காற்று உடம்பை அழுத்துகிறது, ரத்தம் மெதுவாக ஓடுகிறது. ஆகவே இது கோழைத்தனம் இல்லை, இயற்பியல். ஊருக்கு அனுப்ப முடியாவிட்டால் குன்றிலோ கோபுரத்திலோ தங்க வையுங்கள் என்றார். தப்பான அறிவியல்தான். ஆனால் தன் நாட்டுப் பையன்களின் மானத்தைக் காப்பதற்காக அவர் எடுத்த பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் பால் கறக்கும் நேரத்தில் மாடுகளைக் கூப்பிடப் பாடும் ஒரு பாட்டு வகை உண்டு. பிரெஞ்சில் ரான் தே வாஷ் என்பார்கள். 1768இல் வெளிவந்த தன் இசை அகராதியில் ரூசோ இதைப் பற்றி எழுதினார். சுவிஸ் படைகளில் இந்தப் பாட்டை வாசித்தால் வீரர்கள் அழுதார்கள், ஓடிப்போனார்கள், செத்துப்போனார்கள், அதனால் வாசித்தால் மரணதண்டனை என்று தடை இருந்தது என்பது அவர் தரும் செய்தி. தடைச் செய்தியைவிட அதற்கடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். அந்தப் பாட்டில் அப்படி ஒன்றும் பெரிய இசை இல்லை, வேற்று ஆள் கேட்டால் ஒன்றும் ஆகாது, கேட்பவனுக்குள் இருக்கிற பழக்கமும் நினைவும்தான் அவனை அழவைக்கின்றன, பாட்டு அங்கே வெறும் நினைவுக்குறி என்கிறார். நினைவு என்ற விஷயம் இந்த நோயின் கதைக்குள் வலுவாக நுழைவது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

ரூசோவின் அகராதி வந்து சில ஆண்டுகளுக்குள் இந்தச் சொல் கப்பல் ஏறிவிட்டது. 1770ஆம் ஆண்டு செப்டம்பர். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையைப் பார்த்துவிட்டு, நியூகினியைத் தொட்டுவிட்டு, பட்டேவியா நோக்கி வருகிறது. இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பட்டேவியா. கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: மாலுமிகளில் பெரும்பாலானவர்களை வீட்டு ஏக்கம் முற்றிப் பிடித்திருக்கிறது, மருத்துவர்கள் இதை நாஸ்டால்ஜியா என்ற பெயரில் ஒரு நோயாகவே கருதுகிறார்கள், தலைவரும் என் தோழர் சோலாண்டரும் நானும் மட்டும்தான் தப்பியிருக்கிறோம், ஏனென்றால் எங்கள் மூவருக்கும் மனத்துக்கு ஓயாத வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கியதற்கான தொடக்க காலப் பதிவுகளில் இது ஒன்று. கவனியுங்கள், பேங்க்ஸும் நோய் என்றுதான் சொல்கிறார், போன காலம் என்று ஒரு வார்த்தை இல்லை.

அதே கப்பலில் துப்பாயா என்று ஒருவர் இருந்தார். ரயாதேயா தீவில் பிறந்தவர், தஹித்தியில் கப்பலேறியவர். பூசாரியாகவும் மாலுமியாகவும் இருந்தவர், பசிபிக் தீவுகளின் வழியையெல்லாம் மனப்பாடமாக அறிந்தவர். குக்குக்குத் தீவுகளின் வரைபடம் வரைந்து கொடுத்தவர். அந்தக் குறிப்பை பேங்க்ஸ் எழுதிய சில மாதங்களுக்குள் பட்டேவியாவில் துப்பாயா இறந்துபோனார். அவரோடு வந்த தைய்யாத்தா என்ற சிறுவனும் அங்கேயே இறந்தான். இங்கிலாந்து மாலுமிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். துப்பாயா விலகிப் போய்க்கொண்டிருந்தார். ஊரை விட்டு வந்த வலியை அந்தக் கப்பலில் யார் அதிகம் பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேங்க்ஸின் அந்த வரிகளில் அவர் பெயர் இல்லை. யார் துயரத்துக்கு நோய்ப் பெயர் கிடைக்கிறது, யார் துயரத்துக்குக் கிடைப்பதில்லை என்பதும் இந்தச் சொல்லின் வரலாற்றில் சேரும். பிரேசிலுக்குக் கொண்டுபோய் விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சாப்பாட்டை ஒதுக்கி, பேச்சை நிறுத்தி, வாடிச் செத்தார்கள். அங்கே அதற்கு பான்ஸோ என்று பெயர். நாஸ்டால்ஜியாதான் அதுவும். அவர்களை ஊருக்கு அனுப்பும்படி சொல்ல எந்த மருத்துவனாலும் முடியவில்லை.

இனி, பெயர் கிடைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

வியன்னா நகரத்தில் லியோபோல்ட் ஆவன்ப்ரூகர் என்றொரு மருத்துவர். கிராட்ஸ் ஊரில் விடுதி நடத்தியவரின் மகன். இன்றும் மருத்துவர் நம் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிறாரே, அந்த முறையை மருத்துவத்துக்குத் தந்தவர் அவர். 1761இல் அதை ஒரு சின்ன லத்தீன் நூலாக எழுதினார். அதிலே ஊர் ஏக்கத்தில் விழுந்த சிப்பாய்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. வயதில் சின்னப் பையன்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கிறார்கள், நல்லபடியாக ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கை போனதும் அவர்கள் பேச்சு குறைந்து, தனியே உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் எதிலும் அக்கறையற்றுப் போகிறார்கள், உடம்பு உருகுகிறது என்று எழுதுகிறார். அவர்கள் நெஞ்சைத் தட்டினால் ஒரு பக்கம் மந்தமாகக் கேட்கிறது. இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் விலாச்சுவரோடு ஒட்டியிருந்தது.

அதே பகுதியில் அவர் சொல்லும் இன்னொரு செய்திதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் மிகுதியாக இருந்தது, இப்போது அபூர்வம், காரணம் படையில் இத்தனை ஆண்டுதான் வேலை என்று வரம்பு கட்டிவிட்டார்கள் என்கிறார். மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு முடிவுத் தேதி எழுதப்பட்டது, அவ்வளவுதான். இன்ன வருஷம் வீட்டுக்குப் போவோம் என்று தெரிந்த பையன் பிழைத்துக்கொண்டான்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1793இல் குடியரசு நாலா பக்கமும் போரில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை. நோயாளிகளுக்குத் தரும் ஓய்வு விடுப்புகளை வடக்குப் படையில் நிறுத்திவைத்தார்கள். ஒரே ஒரு நோய்க்கு மட்டும் விலக்கு தந்தார்கள். அது நாஸ்டால்ஜியா. கழுத்தை நெரிக்கும் போர் நடுவிலும் ஓர் அரசு, இந்த நோய்க்காரனை அனுப்பாவிட்டால் செத்துப்போவான் என்று ஒப்புக்கொண்டது. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே இதைப் பற்றி விரிவாக எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மருத்துவர்கள் 5,000க்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்கு இந்த நோய் என்று பதிவு செய்தார்கள். ஹோஃபர் பெயர் வைத்ததன் பலன் இதுதான். ஊர்ச் சனத்தின் சொல்லாக மட்டும் இருந்திருந்தால் படைத்தலைவன் காதில் ஏறியிருக்காது. மருத்துவனின் ஏட்டில் ஏறியதால் விடுப்புச் சீட்டாக மாறியது.

சொல் எப்போது இடத்தை விட்டுக் காலத்துக்கு நகர்ந்தது? ஒரே நாளில் நடந்த மாற்றமில்லை. ஆனால் திருப்பம் எங்கே இருக்கிறது என்று காட்டமுடியும். 1798இல் இமானுவேல் கான்ட் தன் மானிடவியல் நூலை வெளியிட்டார். கோனிக்ஸ்பெர்க் நகரை விட்டு அதிகம் நகராமலே வாழ்ந்து முடித்தவர் கான்ட், ஊர் ஏக்கத்தைப் பற்றி மிகக் கூர்மையான கருத்தை அவர்தான் சொன்னார் என்பது வியப்பு. சுவிஸ்காரர்கள் ஊரை நினைத்து வாடுகிறார்கள், பிறகு திரும்பிப் போகிறார்கள், போனால் ஏமாந்து நிற்கிறார்கள், அந்த ஏமாற்றத்திலேயே நோயும் குணமாகிவிடுகிறது என்கிறார். ஊர் மாறிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் தேடிப்போனது தங்கள் இளமையை, அது அங்கே இல்லை. பணம் சேர்ப்பதில் மும்முரமாக இருப்பவர்களைவிட, ஏழை மண்ணிலிருந்து, சொந்தபந்தம் சூழ வளர்ந்து வந்தவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

ஹோஃபரின் பெர்ன் இளைஞனையும் கான்ட் சொல்லும் சுவிஸ்காரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னவனுக்கு வண்டி கிடைத்தால் போதும். பின்னவனுக்கு எந்த வண்டியும் உதவாது. இடத்துக்குத் திரும்பலாம், வயதுக்குத் திரும்ப முடியாது. நாஸ்டால்ஜியா தீராத ஏக்கமாக மாறியது இந்தக் கருத்தின் வழியாகத்தான். கான்ட் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உன் வலி உன் இளமையைப் பற்றியது, ஊரைப் பற்றியது அல்ல என்று சொல்லிவிட்டால், அவனை ஊருக்கு அனுப்ப வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மருத்துவம் இந்தச் சொல்லைக் கைவிட்டது. ரயிலும் நீராவிக் கப்பலும் தபாலும் வந்தன. தூரம் குறைந்தது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார். ஆவன்ப்ரூகர் தட்டிப் பார்த்த மந்தமான நெஞ்சுகளில் பலவற்றுக்கு இனி வேறு பெயர் சொல்லலாம் என்றாயிற்று. நுண்ணோக்கிக்கடியில் தெரிகிற காரணம் இருக்கும்போது வீட்டு நினைப்பை யார் எழுதுவார்கள்? கடைசியாக ஒரு சிறு வெளிச்சம்: 1909இல் ஜெர்மனியில் கார்ல் யாஸ்பர்ஸ், பின்னாளில் பெரிய தத்துவவாதியானவர், ஊர் ஏக்கமும் குற்றமும் என்ற தலைப்பில் தன் மருத்துவ ஆய்வேட்டை எழுதினார். கிராமத்திலிருந்து பிறத்தியார் வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பப்பட்ட சின்னப் பெண்கள், ஊருக்குத் திரும்ப வேறு வழி தெரியாமல் எஜமானர் வீட்டுக்குத் தீ வைத்த, குழந்தையையே கொன்ற வழக்குகளை அதில் ஆராய்ந்தார். படிப்பதற்குக் கடினமான வழக்குகள். குழந்தை இல்லாவிட்டால் நம்மை அனுப்பிவிடுவார்கள் என்று பதினாலு, பதினைந்து வயதில் ஒரு பெண் நினைக்கும் நிலை வரைக்கும் இந்த நோய் போகிறது.

அதன்பின் சொல் இலக்கியத்துக்கும் பேச்சுக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது வலி குறைந்து, இனிமை கூடி, பழைய நாட்களின் நினைப்பு என்று ஆனது. 1979இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியபோது, வீட்டு ஏக்கமும் நாஸ்டால்ஜியாவும் ஆங்கிலம் பேசுவோர் மனதில் இரண்டு வேறு சொற்களாகிவிட்டிருந்தன. இப்போது அது விற்பனைக்கும் வந்துவிட்டது. பழைய பெட்டிக்கடை மிட்டாயைப் புதுப் பொட்டலத்தில் அடைத்து, நாஸ்டால்ஜியா என்று எழுதிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பழைய நினைவு மனத்துக்கு ஆறுதல் தருகிறது, தனிமையைக் குறைக்கிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்லி வருகிறார்கள். நான் அதை நம்புகிறேன்.

லெனின்கிராடில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்வெட்லானா போயிம் 2001இல் எழுதிய நூல் இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய நூல். ஏக்கத்தை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, திரும்புதல் மீது கண் வைத்தது. இழந்த வீட்டை அப்படியே மறுபடி கட்டுவேன் என்று கிளம்புவது. பொற்காலம் ஒன்று இருந்தது, அதை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று பேசும் அரசியல் இங்கிருந்து பிறக்கிறது. மற்றது, வலியின் மீது கண் வைத்தது. போனது போனதுதான் என்று தெரிந்தும் நினைத்துப் பார்ப்பது. நம் ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தன் இளமைக் கால யாழ்ப்பாணத்தை எழுதிய நூலுக்கு நனவிடை தோய்தல் என்று பெயரிட்டார். இன்று புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் அந்தத் தொடரையே பழைய நினைவில் மூழ்குவதற்குப் பெயராக வழங்குகிறார்கள். போயிம் சொன்ன இரண்டாம் வகைக்கு உலகத்தில் எந்த மொழியிலும் இதைவிட அழகான பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

திரும்புதல் என்பதையே ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அரசாங்கக் கோப்பு அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றது. அவர்களில் மிகப் பலர் இலங்கையின் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். தாயகம் என்று சொல்லப்பட்ட மண்ணை அவர்கள் அதற்கு முன் பார்த்ததேயில்லை. கப்பலில் வந்து இறங்கி, நீலகிரித் தோட்டங்களிலும் வேறு ஊர்களிலும் குடியமர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவென்றே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. கோத்தகிரிப் பக்கம் அந்தத் தலைமுறைப் பெரியவர் யாரிடமாவது ஊர் எது என்று கேட்டால், ஹட்டன் என்றோ பதுளை என்றோ பதில் வரும். ஊருக்கு அனுப்பிவிடு, நோய் தீரும் என்பது ஹோஃபரின் மருந்துச் சீட்டு. எது ஊர் என்பதை நோயாளியிடம் கேட்காமல் கோப்பைப் பார்த்து முடிவு செய்தால், திரும்புதலே நோயைக் கொடுக்கும். அந்தக் கிராமத்துப் பெண்ணைப் பற்றி ஹோஃபர் ஊகித்து எதையும் எழுதவில்லை. அவள் வாயால் சொன்னதை எழுதினார்.

ஆகவே என் தீர்ப்பு இது. நாஸ்டால்ஜியா என்ற சொல்லைப் பாட்டுக்கும் மிட்டாய்க்கும் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் அதன் முதல் பொருளைத் தொலைத்துவிட்டோம். அந்தப் பொருள் யாருக்காகப் பிறந்தது? கூலிக்குப் போர் செய்யப் போன பையன்களுக்காக. அடிபட்டு அயலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்ணுக்காக. கட்டாயப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட விவசாயி மகனுக்காக. அப்படிப்பட்டவர்கள் இன்று குறைந்துவிடவில்லை. 2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு என்றதும், ரயில் இல்லை, பஸ் இல்லை என்று தெரிந்தும் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினார்களே, பட்டினியும் வாடகையும் அவர்களை விரட்டின, சரிதான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே திசையில்தான் நடந்தார்கள், தத்தம் ஊர்த் திசையில். நாம் அதைப் பொருளாதாரச் செய்தியாகவும் போக்குவரத்துச் செய்தியாகவும் எழுதினோம். ஹோஃபர் இருந்திருந்தால் மருத்துவச் செய்தியாகவும் எழுதியிருப்பார்.

இந்த அரங்கில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள், செவிலியர் மாணவிகள் இருக்கிறீர்கள், பின்னலாடை ஆலை நடத்துகிறவர்கள், விடுதிக் காப்பாளர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ, இல்லை நம் தர்மபுரியிலிருந்தோ வந்த ஒரு பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கி, தூக்கம் கெட்டு, வீட்டுக்குப் போகணும் என்று மட்டும் சொன்னால், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுங்கள், எழுத வேண்டும். கூடவே, எந்த ஊர், வீட்டில் யார் யார், கடைசியாக எப்போது போனாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். அடுத்து எந்தத் தேதியில் போகலாம் என்று காலண்டரில் குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதி வந்ததும் லீவு கொடுத்து, டிக்கெட்டையும் எடுத்துக் கொடுங்கள்.